மீதிக் கணக்கு

(கண்டமங்கலத்தில் லுத்தரன் சபை இளைஞர்களும் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



புயல், வெள்ளம் வந்தால் லுத்தரன் சபைகள் அக்கம்பக்கத்தாருக்கு என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னை ஏன் கூப்பிட்டாங்கன்னு யோசிச்சேன். நான் விசுவாசி இல்ல. எங்க ஆயா ஞானஸ்நானம் வாங்கினவங்க. எங்க நைனாவுக்கு அம்பேத்கர்தான் எல்லாம். ஞாயித்துக்கிழமை ஆயா கையைப் பிடிச்சிக்கிட்டு ஆலயத்துக்கும், ஏப்ரல் 14 அன்னிக்கி நைனா தோள்ல உக்காந்துக்கிட்டு ஊர்வலத்துக்கும் போயி வளர்ந்தவன் நான். எங்க காலனியில பாதி வீடு இப்படித்தான். ஆகவே ஆலயத்தின் வாசப்படியில் நிற்கிற ஒருவனாக இதைப் பேசுகிறேன்.

பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர். பகலில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறேன், ராத்திரியில் கவிதை எழுதுகிறேன். ரெண்டுலயும் எனக்கு மிச்சம் ஒண்ணுமில்ல. இன்னிக்கி கவிஞனை வீட்டுல விட்டுட்டு எழுத்தரை மட்டும் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். கணக்கு பேசலாம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சி. கடந்த புயல் போவணும் இல்லையா? போகல. மறுநாளும் அதே இடத்துல நின்னு கொட்டுச்சி. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை. புதுச்சேரியில் ஏறக்குறைய 49 செ.மீ. அதற்கு அடுத்த நாள், டிசம்பர் 2 விடியற்காலை, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வந்தது. தென்பெண்ணை, மலட்டாறு, சங்கராபரணி எல்லாம் கரை மீறின. அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே ஆறா ஓடுச்சி.

இதை நாம் இயற்கைச் சீற்றம் என்கிறோம். மழை பெய்தது இயற்கை. ஆனா அந்தத் தண்ணி எந்தத் தெருவுல போயி நின்னுச்சி? ஊர் மேட்டுல இருக்கு, காலனி பள்ளத்துல இருக்கு, இருளர் குடிசை ஏரிக்கரையில இருக்கு. இந்த வரைபடத்தை மழையா போட்டுச்சி? யார் எங்கே குடியிருக்கலாம் என்று சாதி போட்டு வைத்த வரைபடத்தில்தான் தண்ணீர் வந்து நின்றது.

அந்த ராத்திரியில் நடந்ததைச் சொல்றேன். எந்தச் சபை, எந்த ஆலயம்னு சொல்லப் போறதில்ல. அது எந்தச் சபையாகவும் இருக்கலாம்.

எங்க காலனியில இடுப்பளவு தண்ணி. கூரை வீட்டுக்காரங்க எல்லாம் ஆலயத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்துச்சி. சாவி போதகர்கிட்ட, போதகர் வெளியூர்ல. உபதேசியார் வீட்டம்மா குழவிக்கல்லை எடுத்தாந்து பூட்டை ஒடச்சாங்க. "இது ஆண்டவர் வூடு. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்"னாங்க. நூறு பேருக்கு மேல உள்ளே போனோம். விசுவாசி யாரு, மாரியம்மனைக் கும்பிடறவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

ரெண்டு மணி இருக்கும். ஏரிக்கரையிலிருந்து இருளர் குடும்பங்க வந்தாங்க. ஏழு குடும்பம். கொழந்தைங்களைத் தோள்மேல தூக்கி வெச்சிக்கிட்டு வாசல்ல நின்னாங்க. உள்ளே வரல. உள்ள வாங்கன்னு யாரும் சொல்லவும் இல்ல. எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் சொன்னார்: "உள்ள எடம் இல்ல. வெராந்தாவுலயே இருக்கட்டும்."

எடம் இருந்துச்சி. எனக்கு நல்லாத் தெரியும். நான் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

அந்த வார்த்தையை நாம எத்தினி தலைமுறையா கேட்டிருக்கோம்! டீக்கடையில, பந்தியில, பஞ்சாயத்து ஆபீஸ்ல, தேர் போற தெருவுல. அன்னிக்கி அது நம்ம வாயிலேர்ந்து வந்துச்சி. அம்பேத்கரைப் படித்தவன், மேடையில் பேசுகிறவன், கவிதை எழுதுகிறவன், நான் வாயைத் திறக்கல. எங்க ஆயா வயசுல ஒரு கெழவி எழுந்திரிச்சாங்க. பாயைச் சுருட்டி கக்கத்துல வெச்சிக்கிட்டு வெராந்தாவுக்குப் போனாங்க. யாரையும் திட்டல. "ஒரு பாய் எடம் காலியாச்சி, யாராச்சும் உள்ள போங்க"ன்னு சொல்லிட்டு ஈரத்தரையில படுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் நாங்க காலை மடக்கினோம்.

இன்று நான் சொல்ல வந்தது இதைச் சுற்றித்தான். சபை எத்தனை மூட்டை அரிசி கொடுத்தது என்பதைப் பிறகு பார்க்கலாம். தன்னைவிடக் கீழே தள்ளப்பட்டவன் வாசலில் வந்து நின்றபோது சபை காலை மடக்கியதா? நிவாரணத்துக்கு அளவுகோல் அதுதான்.

வெள்ளம் வடிஞ்ச பிறகு அரசு அறிவித்ததைப் பாருங்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய், குடும்ப அட்டையின் பேரில், ரேஷன் கடை வழியாக. சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். செத்துப்போன பசுவுக்கு 37,500 ரூபாய். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கினவங்களுக்கு அது உதவிதான். ஆனால் ஒரு எழுத்தன் கண்ணோடு அந்தப் பட்டியலைப் பாருங்கள். நிலம் இருந்தா நிலத்துக்கு உண்டு. மாடு இருந்தா மாட்டுக்கு உண்டு. அட்டை இருந்தா அட்டைக்கு உண்டு. அந்த நிலத்தில் நாத்து நட்டவளின் போன கூலிக்கு எந்தப் பத்தியும் கிடையாது. வெராந்தாவில் நின்ற ஏழு குடும்பத்தில் அட்டை இருந்தது ரெண்டு குடும்பத்துக்கு. அரசு எந்திரத்தின் கணக்குப்படி மத்த அஞ்சு குடும்பமும் அன்னிக்கி நனையவே இல்ல.

இது புதிது அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரையில் படகையும் வலையையும் எண்ணினார்கள். படகும் வலையும் இல்லாத தலித்துகள், மீன் கூடை சுமந்தவர்கள், உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போனவர்கள், பல இடங்களில் முதல் பட்டியலில் இல்லை. முகாமிலும் ஒதுக்கப்பட்டார்கள். அதே நேரத்தில் அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர்களிலிருந்து நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நிவாரணத்தில் சேர்க்காத சாதியைப் பிணம் தூக்க மட்டும் தேடிப் பிடித்தார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடெல்லாம் சாஞ்சது. மரத்துக்கு உடையவருக்கு நிவாரணம் உண்டு. அந்த மரத்தடியில் கொட்டை பொறுக்கியும், கொட்டை உடைத்தும் பிழைத்த பெண்களுக்கு, புது மரம் காய்க்கிற வரைக்கும் என்ன?

நிவாரண லாரி தார்ரோடு இருக்கிற வரைக்கும் வரும். ஊர் முனையில நின்னுடும். அங்கே இறக்கி, அங்கே பிரிச்சி, மிச்சம் இருந்தா காலனிக்கு. அதிலும் மிச்சம் இருந்தா ஏரிக்கரைக்கு. சாதி போட்ட ரோட்டில்தான் அரிசியும் போகிறது.

சபை இங்கேதான் வருகிறது. நம் பக்கத்துப் பல கிராமங்களில் காலனிக்குள்ளேயே நிற்கிற கெட்டிக் கட்டிடம் ஆலயமோ சபைப் பள்ளிக்கூடமோதான். மணி இருக்கு. குடும்பப் பதிவேடு எழுதிப் பழகிய கை இருக்கு. படிச்ச பிள்ளைங்க இருக்காங்க. லாரி வராத முனையில் சபை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வேறு எந்த நிவாரண அமைப்புக்கும் கிடைக்காத இடம் இது.

ஆனால் சபைக்குள்ளும் அதே ரோடு போடப்பட்டிருந்தால்? வரலாற்றை மறைத்துவிட்டுப் பேச முடியாது. 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அச்சுக்கூடம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு வந்தது. அதே தரங்கம்பாடிச் சபையில் சாதிவாரியாக இருக்கைகளும் தனித்தனியாக இருந்தன. 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்று ஒருவர், பறையர், உபதேசியாராக உழைத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் வரமாட்டார்கள் என்ற பயத்தில் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. அப்பத்திலும் தீட்டு பார்த்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சண்டை பெரிதானது. லைப்சிக் மிஷன் தலைமை, சாதி ஒரு சமூக வழக்கம், அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்க வேண்டாம் என்றது. அதை ஏற்காமல் பிரிந்து வந்தவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தைத் தொடங்கினார். டென்மார்க் மிஷன் அவரோடு கைகோத்தது. திருக்கோவிலூர் ஆஸ்பத்திரி, திருவண்ணாமலைப் பள்ளிக்கூடம் என்று வளர்ந்து, இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று நிற்பதன் தொடக்கம் அதுதான். தென்னாற்காட்டில் இந்தச் சபையின் பிறப்புச் சான்றிதழில், காரணம் என்ற இடத்தில், சாதி மறுப்பு என்று எழுதியிருக்கிறது. இதை உங்களைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. இது உங்கள் பேரில் இருக்கிற கடன். சாதியை மறுத்துப் பிறந்த சபையின் வெராந்தாவில் இருளர் நின்றார்கள் என்றால், வட்டியோடு சேர்த்து அந்தக் கடன் ஏறிக்கொண்டே இருக்கிறது. மதம் மாறிய பிறகு தீண்டப்படாதவனுக்கு என்ன மாறியது என்று அம்பேத்கர் கேட்ட கேள்வி இன்னும் மேசைமேலதான் இருக்கு.

லூதரையும் நாம் முழுசாகத்தான் படிக்க வேண்டும். 1525இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர் ஆண்டைகள் பக்கம் நின்றார். அதை மறக்கக்கூடாது. 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது ஊரைவிட்டு ஓடாமல் தன் வீட்டில் நோயாளிகளை வைத்துப் பார்த்தார். அதையும் மறக்கக்கூடாது. எனக்கு அவர் காலத்தில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. 1523இல் லைஸ்னிக் என்ற சிற்றூர்ச் சபையார் ஏழைகளுக்காக ஒரு பொதுப்பெட்டி வைத்தார்கள். லூதர் அந்த ஏற்பாட்டுக்கு முன்னுரை எழுதினார். பெட்டிக்குப் பொறுப்பு பத்துப் பேர். பிரபுக்கள் இரண்டு, நகரமன்றத்தார் இரண்டு, நகரவாசிகள் மூன்று, உழவர்கள் மூன்று. பெட்டிக்கு நாலு பூட்டு. ஒவ்வொரு பிரிவாரிடமும் ஒரு சாவி. நாலு பேரும் வந்தால்தான் திறக்கும். கணக்கைச் சபையார் முன்னால் வைக்க வேண்டும். வங்கியில் எங்கள் பெட்டக அறைக்கே ரெண்டு சாவிதான். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க நாலு சாவி போட்டாங்க. தனி ஒருத்தர் கருணையை நம்பாத ஏற்பாடு அது.

இனி, செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். விவாதியுங்கள்.

முதலில் சாவி. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியே ஆலயத்துச் சாவி காலனிக்குள்ள ரெண்டு வீட்டுல இருக்கணும். அதுல ஒண்ணு சபையில் சேராத வீடா இருக்கட்டும். எந்த நேரத்தில் எத்தனை தடவை மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று ஏரிக்கரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழவிக்கல்லை நம்பி இனியும் இருக்க முடியாது.

அடுத்தது பட்டியல். தண்ணி வடிஞ்ச அன்னிக்கே சபை இளைஞர்கள் நோட்டும் பேனாவுமாகக் கிளம்ப வேண்டும். விசுவாசிப் பதிவேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடுப்பு எரியாத ஒவ்வொரு வீடும் ஒரு வரி. அட்டை இல்லாதவர், பட்டா இல்லாதவர், செங்கல் சூளைக்குப் போயிருப்பவர், வாடகைக்கு இருப்பவர், தனியாக இருக்கிற கிழவி. அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாங்கலன்னா வட்டாட்சியர். அங்கேயும் இல்லன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். அரசின் பட்டியலுக்கு எதிராக நம் கையில் ஒரு பட்டியல் இருப்பதே ஒரு அரசியல்.

சபைக்குள்ளேயும் ஒரு பிரிவினை இருக்கிறது. 1950 ஆணைப்படி கிறித்தவரான தலித் அட்டவணைச் சாதியில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்குத் திறக்காமல் 2022இல் ஓர் ஆணையம் போட்டார்கள். எங்க காலனியில அண்ணன் எஸ்.சி., ஞானஸ்நானம் வாங்கின தம்பி பி.சி. ஒரே அம்மா, ஒரே சுவர். அரசாணை ரெண்டாப் பிரிச்சாலும் தண்ணி ஒண்ணாத்தான் நனைச்சுது. ஆகவே "எங்க ஆளு, அவங்க ஆளு" என்று எழுதுகிற பட்டியலை யார் எழுதினாலும் அது நமக்கு எதிரான பட்டியல்.

மூன்றாவது அடுப்பு. ஒரே அடுப்பு, ஒரே பந்தி. சமைக்கிற கைகளில் ஏரிக்கரைப் பெண்களின் கையும் இருக்க வேண்டும். பொட்டலம் கட்டி வெராந்தாவுக்கு அனுப்புவது இரட்டைக் குவளையின் தம்பி. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து குடிக்கிற சபை, ஒரே அண்டாவில் சோறு வடிக்கத் தயங்கினால், ஞாயிற்றுக்கிழமை குடிப்பது என்ன என்ற கேள்வி வரும்.

நாலாவது, அரிசிப் பைக்குள்ள துண்டுப் பிரசுரம் வேண்டாம். மதமாற்றம் என்று கூச்சல் போடுகிற கும்பலுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. 1876–78 பஞ்சத்தில் மிஷன்கள் கஞ்சி ஊற்றின. அந்தப் பக்கம் போன நம் பாட்டன்களை "சோத்துக்கு மாறினவன்" என்று இன்றைக்கும் ஏசுகிறார்கள். பட்டினி போட்டவனை யாரும் ஏசவில்லை. மதம் மாறுவது நம் உரிமை. அது சுயமரியாதையோடு எடுக்கிற முடிவு. ஆனால் பசித்திருக்கிறவனிடம் நம்பிக்கையை விலையாகக் கேட்டால், அது அந்த உரிமையையே கொச்சைப்படுத்துவதாகும். சுனாமியின்போது நாகூர் தர்கா மதம் பார்க்காமல் தன் நிலத்தில் அடக்கத்துக்கு இடம் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் கிராமங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரை கடற்கரை அதைச் சொல்கிறது.

ஐந்தாவது, செத்த மாடு. வெள்ளம் வடிஞ்சதும் ஊர்லேர்ந்து ஆள் வரும். "மாடு செத்துக் கெடக்கு, நாலு பேர அனுப்பு." சபை மூப்பரிடமே வந்து கேட்பார்கள். சபை தரகு வேலை பார்க்கக்கூடாது. அது ஊராட்சியின் வேலை, எந்திரத்தின் வேலை. உதவி என்ற பேரில் பழைய தொழிலை நம் பிள்ளைகள் தலையில் மறுபடி ஏற்றுவதற்கு ஆலயத்து வாசலில் ஆள் பிடிக்க விடாதீர்கள்.

ஆறாவது பெட்டி. வெளியிலேர்ந்து பணம் வரும். சினோடு வழியா, அயல்நாட்டுச் சபைகள் வழியா வரும். அதற்கு நாலு சாவி போடுங்கள். ஒன்று குருசேகரக் கமிட்டியிடம். ஒன்று பெண்கள் ஐக்கியத்திடம். ஒன்று சபையில் சேராத காலனிக்காரரிடம். ஒன்று இருளர் குடியிருப்பில். ஒவ்வொரு வாரமும் ஆலயத்து வெளிச்சுவரில் வரவு செலவை ஒட்டுங்கள். உள்சுவரில் ஒட்டினா விசுவாசிங்க மட்டும்தான் படிப்பாங்க.

கடைசியாகக் காகிதம். இதை என் வெட்கத்தோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

2025 ஜனவரியில் நான் வேலை செய்கிற கிளைக்கு ஓர் அம்மா வந்தாங்க. அந்த ஏழு குடும்பத்தில் ஒருத்தர். எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. அவங்களுக்குத் தெரிஞ்சுதான்னு தெரியல. "சாமி, குடிசைப் பணம் வந்துச்சான்னு பாரு சாமி"ன்னாங்க. என்னைப் பார்த்து சாமி! ஊருக்குள்ள என் நைனா இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடப்படுகிறவர். நான் கணினியைப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாமல் கணக்கு செயலற்றுப் போயிருந்தது. "ஆதார் நகல், போட்டோ கொண்டாங்க"ன்னேன். ஆதார் தண்ணியில போயிடுச்சின்னாங்க. "அப்ப எடுத்துட்டு வாங்க. அடுத்த ஆள்." ஒரு நாள் கூலி போச்சு. மறுபடி வந்தாங்க, போட்டோ இருந்துச்சி, ஆதார் இல்ல. திருப்பி அனுப்பினேன். இன்னொரு நாள் கூலி போச்சு. விதிப்படிதான் செய்தேன். வெராந்தாவில் இருக்கட்டும் என்று சொன்னவரும் அவர் கணக்கில் விதிப்படிதான் சொன்னார்.

மூணாவது தடவை அந்த அம்மாகூட ஒரு பொண்ணு வந்துச்சி. சபை இளைஞர் சங்கத்துல இருக்கிற பி.ஏ. ரெண்டாம் வருஷ மாணவி. இ-சேவை மையத்துல ஆதாரைத் திரும்ப எடுத்து, படிவத்தை நிரப்பி, கைரேகை வைக்க வேண்டிய இடத்துல பென்சிலால் குறிச்சி எடுத்தாந்திருந்துச்சி. பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. விதி மாறல. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த ஆளும் மாறல. அந்த அம்மா தனியா வரல, அவ்வளவுதான்.

அந்தப் பெண் செய்ததை ஒவ்வொரு சபையும் செய்யலாம். அடையாளச் சான்று எதுவுமே இல்லாதவருக்கும் வங்கியில் அதிகாரி முன்னிலையில் போட்டோவும் கைரேகையும் வைத்துச் சிறு கணக்கு தொடங்க விதி இருக்கிறது. அதில் 50,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். பல கிளைகளில் இதைச் சொல்ல மாட்டோம். நீங்க கேளுங்க. இருளர் சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் எத்தனையோ காலமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கி வழி தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து போங்கள். தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய வழி அல்ல அது.

ஆயா எனக்குச் சின்ன வயசுல சொன்ன சமாரியன் கதை ஞாபகம் வருது. வழியில அடிபட்டுக் கிடந்தவனை மேல்சாதிக்காரங்க ரெண்டு பேர் பார்த்துட்டு ஒதுங்கிப் போனாங்க. தூக்கிக்கிட்டுப் போனவன் சமாரியன், அந்த ஊர்ல தாழ்த்தப்பட்டவன். அதாவது கதையில் நாம அடிபட்டுக் கிடக்கிறவன் மட்டும் இல்ல, தூக்குகிறவனும் நாமதான். எப்பவும் கையேந்துகிறவன் என்று நம்மைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியாது. இன்னொண்ணும் இருக்கு. அவன் சத்திரக்காரனிடம் ரெண்டு காசு கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பிரசங்கத்தில் எல்லோரும் எண்ணெய் வார்த்ததைத்தான் சொல்கிறார்கள். எழுத்தனுக்கு அந்த மீதிக் கணக்குதான் கண்ணில் படுகிறது. திரும்பி வருகிறேன் என்று சொன்னானே, அதுதான் நிவாரணம்.

நம் பக்கத்திலேயே அப்படித் திரும்பி வந்தவர்கள் உண்டு. செங்கல்பட்டில் ஆண்ட்ரூ, கவுடி போன்ற மிஷனரிகள் கஞ்சியோடு நிற்காமல், பறையருக்கு நிலம் வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் குறிப்பு எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடுகிற நிலத்தின் பின்னால் அந்த மனுக்களும் இருக்கின்றன. 1994இல் அதே நிலத்தைக் கேட்டுத்தான் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஒரு பேர் கிறித்தவப் பேர், ஒரு பேர் இந்துப் பேர். குண்டு பேர் கேட்டுப் பாயல.

ஆகவே சபையாரிடம் என் வேண்டுகோள் இது. மூட்டை இறக்கிய நாளை எழுதி வைக்கிறீர்கள். திரும்பிப் போகிற நாளையும் எழுதி வையுங்கள். மூணு மாசத்தில் அட்டை வந்ததா? ஆறு மாசத்தில் சான்றிதழ் வந்ததா? அடுத்த மழைக்குள் மேட்டு நிலத்தில் மனைப்பட்டா வந்ததா? சபைக்கே சும்மா கிடக்கிற மேட்டு நிலம் இருக்கிறதென்றால், அதைப் பற்றிக் குருசேகரக் கூட்டத்தில் யார் வாயைத் திறப்பது? ஏரிக்கரையிலேயே அவர்களை விட்டுவிட்டு ஒவ்வொரு மழைக்கும் போர்வை கொடுப்பது, போர்வைக் கடைக்கு நல்லது.

இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று. மதத்தோடு நமக்கு என்ன என்று ஒதுங்கி நிற்காதீர்கள். ஆலயத்தின் பூட்டை உடைத்த அந்த அம்மா எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பாயைச் சுருட்டிய கிழவி எந்தத் துண்டறிக்கையும் படித்ததில்லை. எல்லாம் படித்திருந்தும் நான் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

அடுத்த முறை நாம் கூடும்போது உங்களிடம் ஒரே கேள்விதான் கேட்பேன். அந்த ஏழு குடும்பத்தில் இப்போது எத்தனை பேருக்கு அட்டை, எத்தனை பேருக்குப் பட்டா? எண்ணிக்கை சொல்லுங்கள், போதும். நீங்களும் என்னைக் கேளுங்கள்: கவுண்டருக்கு இந்தப் பக்கம் நீ காலை மடக்கினாயா?